மேல் பக்கம் என்றால் எந்தப் பக்கம்?

வரைபடம் கீறுவது என் தொழில். கொழும்பில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்துகொண்டு மற்றவர்களின் அறிக்கைகளுக்கு மாவட்டம் மாவட்டமாக நிறம் தீட்டியே பன்னிரண்டு வருடம் போய்விட்டது. மழைவீழ்ச்சி, டெங்கு, வெள்ளம், பாடசாலை, கிணறு, எதைக் கேட்டாலும் இலங்கையை 25 துண்டாக்கி நிறம் கொடுத்துவிடுவோம். அந்தப் படங்களைக் கண்ணால் பார்க்க முடியாதவர்களுக்காக எழுத்தில் ஒரு விளக்கமும் சேர்த்துத் தாருங்கள் என்று ஒரு வாடிக்கையாளர் முதன்முதலாகக் கேட்டபோது, இதென்ன பெரிய வேலை, இரண்டு வரிதானே என்றுதான் நினைத்தேன்.

வாடைக் காலத்து மழைவீழ்ச்சிப் படம் அது. நான் எழுதிய வரி இன்னும் நினைவிருக்கிறது: "வரைபடத்தின் மேல் பகுதியில் கடும் நீலமும் கீழ்ப் பகுதியில் இளநீலமும் காணப்படுகின்றன. கடும் நீலம் அதிக மழையைக் குறிக்கும்." எழுதிவிட்டு, வெள்ளவத்தையில் இருக்கும் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பினேன். முப்பது வயதுக்குப் பிறகு பார்வையை இழந்தவர். கணினியிலும் போனிலும், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாக வாசிப்பார். அரை மணித்தியாலத்தில் அழைப்பு வந்தது.

"என்ன தம்பி, மாரி மழை கொழும்புக்கு இடம் மாறிட்டுதோ?"

எனக்கு விளங்கவில்லை. "இல்லையே சேர், வடக்கிலதானே கூட."

"நீர்தானே எழுதியிருக்கிறீர், மேல் பகுதியில கடும் மழை எண்டு. மேல் மாகாணம் எங்கட பக்கம்தானே?"

அப்போதுதான் உறைத்தது. தமிழில் மேல் என்றால் உயரமும்தான், மேற்கும்தான். கீழ் என்றால் தாழ்வும்தான், கிழக்கும்தான். மேற்கே மலை உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தரை சரியும் தமிழ்நாட்டு நிலத்தில் பிறந்த சொற்கள் இவை. இங்கேயோ கொழும்பு இருக்கும் மாகாணத்தின் உத்தியோகபூர்வப் பெயரே மேல் மாகாணம். படத்தைப் பார்க்கிறவனுக்கு மேல் என்றால் தாளின் மேல் விளிம்பு. தாளே இல்லாமல் காதால் வாசிக்கிறவருக்கு அந்த விளிம்பு எங்கிருந்து வரும்? வடக்கை மேற்காகவும் தெற்கைக் கிழக்காகவும் கேட்டு, முழு இலங்கையையும் தொண்ணூறு பாகை திருப்பி அவர் மனதில் வைத்துவிட்டார். அதில் உள்முரண் எதுவும் இல்லை, ஆகவே சந்தேகமும் வராது. வாடைக் காலத்தில் மழை வடக்கிலும் கிழக்கிலும்தான் கொட்டும் என்று தெரிந்த மனிதராக இருந்ததால் மட்டும்தான் அழைத்துக் கேட்டார். வேறொருவர் அப்படியே நம்பியிருப்பார்.

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் மேல், கீழ் இரண்டுக்கும் தடை. வடக்கு, தெற்கு என்று எழுதுவோம். இல்லாவிட்டால் மாவட்டத்தின் பெயரையே சொல்லிவிடுவோம்.

இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில், பார்ப்பதில் சிரமம் உண்டு என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். எல்லோரும் முழுதாகப் பார்வையற்றவர்கள் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். சட்டம் என்று பார்த்தால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. இணையத்துக்கான உலகப் பொது வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.யின் முதல் விதியே, படம் இருந்தால் அதே வேலையைச் செய்யும் எழுத்தும் இருக்க வேண்டும் என்பதுதான். ஆனால் சட்டத்தைக் காட்டி நான் யாரையும் இந்த வேலைக்குச் சம்மதிக்க வைத்ததில்லை. திரையை அணைத்துவிட்டு, அவர்களுடைய அறிக்கையை அவர்களுடைய போனிலேயே வாசிக்க விட்டால் போதும். "படம், படம், பட்டன், படம்" என்று அது சொல்வதைக் கேட்ட பிறகு விவாதம் அனேகமாக வராது.

"அதே வேலையைச் செய்யும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். விளக்கம் எழுத உட்காரும்போது பலரும் படத்தில் என்ன தெரிகிறது என்று தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் ஒருமுறை மாவட்ட எல்லைகள் எப்படி வளைந்து போகின்றன என்பது முதல் திசைகாட்டி அம்பு வரை ஒன்று விடாமல் எழுதினேன். சேர் பாதியில் நிறுத்திவிட்டார். "இது விளக்கமோ, விரிவுரையோ?" என்றார். படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காமல், இந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் என்ன முடிவு எடுப்பார் என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மண்சரிவு எச்சரிக்கையை எடுத்துக்கொள்வோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகள் மூன்று படி: மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். மழை பிடித்தால் இந்த மூன்று நிறத்தில் ஆளாளுக்குப் படம் தயாரித்து வட்ஸ்அப்பில் பரப்புவார்கள். அந்தப் படங்களின் கீழே "சிவப்பு நிறத்தில் உள்ளவர்கள் அவதானம்" என்று மட்டும் இருந்தால், பதுளையில் வீட்டுக்குள் இருக்கும் பார்வையற்ற ஒருவருக்கு அது வெறும் பயமுறுத்தல். தான் சிவப்புக்குள் இருக்கிறேனா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. சிவப்பையும் செம்மஞ்சளையும் பிரித்தறிய முடியாத, மற்றபடி கண் நன்றாகத் தெரிகிற ஒருவருக்கும் அதே நிலைமைதான். அங்கே எழுத வேண்டியது நிறம் இல்லை. மாவட்டம், அதற்குள் பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும், எச்சரிக்கை எந்த நேரம் வரைக்கும், உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. வெளியேற வேண்டியவர்களின் பிரிவுகள் முதலில் வரவேண்டும். அகரவரிசை பார்த்துக்கொண்டிருக்கிற நேரமில்லை அது.

எல்லாப் படத்துக்கும் பட்டியல் போதாது. சில படங்களின் உயிரே எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதில்தான். கொழும்பின் 15 அஞ்சல் வலயங்களைக் காட்டும் படம் அப்படி. கொழும்பு 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை என்று எண் வரிசையில் எழுதிவிடலாம். ஆனால் கேட்கிறவருக்கு உடனே ஒரு கேள்வி வரும்: 4க்கு அடுத்தது 6 என்றால் 5 எங்கே போனது? கண்ணால் பார்க்கிறவருக்கு அரை நொடியில் விடை கிடைத்துவிடும். எழுத்தில் இப்படிச் சொல்லலாம்: "மேற்கே கடல். கடலோரமாக வடக்கிலிருந்து தெற்கே வந்தால் கோட்டை 1, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6. இவற்றில் 5 இல்லை. அது பம்பலப்பிட்டிக்குக் கிழக்கே, கடலைத் தொடாமல் உள்ளே இருக்கும் ஹவ்லொக் டவுன், நாரஹேன்பிட்டிப் பக்கம். கடைசி எண்ணான 15 தெற்கே இல்லை. நகரின் வட எல்லையில், களனி கங்கை கடலில் சேரும் மட்டக்குளிப் பக்கம் இருக்கிறது."

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஒரு பெரிய கோடு, இங்கே கடற்கரை. பிறகு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் நடை. அதற்குப் பிறகுதான் கோட்டை விட்டு விலகியவை. பார்வை ஒரே தடவையில் முழுப் படத்தையும் விழுங்கும், வேண்டிய இடத்தில் நிற்கும். காதுக்கு ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் அடுத்த சொல். ஆகவே திசையை நடுவில் மாற்றினால் கேட்கிறவர் தொலைந்துபோவார். இலங்கை முழுவதையும் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு மாங்காய் கைகொடுக்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாதவரும் மாங்காயைத் தடவிப் பார்த்திருப்பார். காம்புப் பக்கம் யாழ்ப்பாணம் என்று சொன்னால் மீதி பிடிபட்டுவிடும்.

தொழில்நுட்ப விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தோடு ஒட்டியிருக்கும், திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரையில் ஒன்றிரண்டு வாக்கியம் போதும்: என்ன படம், அதன் முக்கியச் செய்தி என்ன, விரிவான விளக்கம் எங்கே. அந்த இடத்தில் தலைப்போ அட்டவணையோ போட முடியாது. நடுவில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே கேட்க வேண்டிவரும். நீளமானதை எல்லோருக்கும் தெரியும்படி படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள். கண் தெரிந்தவர்களும் அதை வாசிப்பார்கள், அதுவும் படத்தைவிட விருப்பமாக. கி.மீ. என்று சுருக்காமல் கிலோமீற்றர் என்று முழுதாக எழுதுங்கள். ஓர் ஊரின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் கடைசிவரை எழுதுங்கள். கொள்ளுப்பிட்டி, கொள்ளுப்பிட்டிய என்று மாற்றி மாற்றி எழுதினால் தேடுகிறவருக்கு அகப்படாது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தும் விளக்கம் வாங்குகிறார்கள். சரி, வாங்கட்டும். ஆனால் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் வெளியிடக்கூடாது. தமிழ் எழுத்து நெருக்கமாக இருக்கும் படங்களில் அது இல்லாத ஊரையெல்லாம் நம்பிக்கையோடு வாசிக்கும்.

இதெல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தருவது பாமினி எழுத்துரு. இங்கே இன்னும் எத்தனையோ அறிக்கைகள் பாமினியில்தான் வருகின்றன. கண்ணுக்கு அழகான தமிழ். கணினிக்கோ அவை வெறும் ஆங்கில எழுத்துகள். தமிழ் என்று பாமினியில் அடித்திருந்தால் திரைவாசிப்பான் "ஜே கே பீ ஓ செமிகோலன்" என்று உச்சரிக்கப் பார்க்கும். ஒருமுறை மூன்று நாள் உட்கார்ந்து நல்ல விளக்கங்களாக எழுதிக் கொடுத்தேன். அச்சுக்காக அதைப் பாமினிக்கு மாற்றி, அதே கோப்பை இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள். மூன்று நாள் உழைப்பும் செமிகோலனாகப் போனது. எழுதுவதை, கணினிக்கும் தமிழாகவே தெரியும் யுனிகோடில் எழுதுங்கள், வெளியிட்ட கோப்பை மறுபடி ஒருமுறை காதால் கேளுங்கள்.

கடைசியாக வழிப்படம். அண்மையில் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு அழைப்பிதழ் வந்தது. பின்னால் ஒரு குட்டிப் படம், காலி வீதி, ஒழுங்கைகள், ஒரு சிவப்புப் புள்ளி. சேரும் வருவதாக இருந்ததால் அதை எழுத்தில் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். படத்தில் இல்லாத, ஆனால் கட்டாயம் வேண்டிய ஒன்று முதலிலேயே தட்டுப்பட்டது. பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸிலோ 101இலோ வந்து இறங்கினால் கால் வைப்பது தரைப்பக்க நடைபாதையில். மண்டபம் கடல் பக்கம். அதாவது காலி வீதியைக் கடந்தாக வேண்டும். அந்த வீதியைப் பகலில் கடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று கொழும்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. புள்ளியை வைத்தவர் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. நானாக இருந்தாலும் வைத்துவிட்டுப் போயிருப்பேன்.

இப்படி எழுதினேன்: "பஸ்ஸிலிருந்து இறங்கி, சமிக்ஞை விளக்குள்ள மஞ்சள் கடவையால் வீதியைக் கடக்கவும். தெஹிவளைப் பக்கம் முகம் வைத்து நடந்தால் கடல் உங்கள் வலது கைப்பக்கம். மூன்றாவது ஒழுங்கையில் வலப்பக்கம் திரும்பவும். திரும்பியதும் கடற்காற்று முகத்தில் படும். மண்டபம் இடது பக்கம். மரைன் டிரைவ் வாகனச் சத்தம் கிட்டத்தில் கேட்டால் தாண்டிப் போய்விட்டீர்கள். ஏழு நிமிட நடை."

சேர் கேட்டுவிட்டு, "ஏழு நிமிசம் ஆரின்ர நடை தம்பி?" என்றார். அதை வெட்டினேன். அடுத்து ஒழுங்கைக்கு வந்தார். "மூண்டாவது ஒழுங்கை எண்டு எப்பிடி எண்ணினீர்?"

"மேப்பில பார்த்துத்தான் சேர்."

"எனக்கு நடைபாதை இறங்குற இடமெல்லாம் ஒழுங்கைதான். பிளட்ஸுக்குக் கார் போற வாசலும் காலுக்கு ஒழுங்கை மாதிரித்தான் இருக்கும்."

அடுத்த நாள் வேலை முடிந்து போய் அந்தத் துண்டை நடந்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் துணிவு வரவில்லை, பாதத்தை மட்டும் கவனித்து நடந்தேன். கடவையிலிருந்து அந்த ஒழுங்கை வரைக்கும் நடைபாதை ஐந்து இடத்தில் இறங்குகிறது. இரண்டு மாடிக்குடியிருப்பு வாசல்கள், இரண்டு ஒழுங்கைகள், அதற்கப்புறம்தான் நம்முடையது. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் யாரோ நடைபாதை முழுவதும் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது ஒழுங்கை என்ற வரியை வெட்டிவிட்டு எழுதினேன்: "நடைபாதை ஐந்தாவது முறை இறங்கும் இடம். அதற்குச் சற்று முன் மோட்டார் சைக்கிள்கள் நிற்கலாம். கடைச் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நடக்கவும்."