பி.எஃப் வட்டி வருடாவருடம் மாறுகிறது. கணக்கை எப்படிப் போடுவது?

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திருப்பூருக்கோ கோவைக்கோ இறங்கியவர்கள் நிறையப் பேர். பழைய பி.எஃப் பணத்தை எடுத்திருக்கவும் மாட்டார்கள், புதுக் கணக்குக்கு மாற்றியிருக்கவும் மாட்டார்கள். வரிக் கணக்கு போட என்னிடம் வரும்போதுதான், "சார், அந்த ஒரு லட்சம் இப்ப எவ்வளவு ஆயிருக்கும்?" என்பார்கள். தாங்களே போட்ட விடை ஒன்றும் கையில் இருக்கும். பெரும்பாலும் அது கூடுதல்தான். வேலையை விட்ட வருடத்து வட்டியையே கடைசிவரை ஓட்டியிருப்பார்கள்.

2018-19க்கு 8.65 சதவீதம். அடுத்த இரண்டு வருடமும் 8.5. பிறகு 8.1, 8.15, 2023-24க்கு 8.25. எக்செலில் ஏ1 கட்டத்தில் 100000, பி1 முதல் பி6 வரை இந்த ஆறு வட்டி, சி1-ல் =FVSCHEDULE(A1,B1:B6) என்று ஆங்கிலத்தில்; வருடத்துக்கு ஒரு வட்டியாகக் கூட்டுவட்டி போட்டுத் தரும் எஃப்விஷெட்யூல் சூத்திரம் இது. அவ்வளவுதான். 2018 மார்ச் முடிவில் இருந்த ஒரு லட்சம் 2024 மார்ச் முடிவில் 1,61,871 ரூபாய். 8.65-ஐயே ஆறு வருடமும் போட்டால் 1,64,505. ஆறு வட்டியையும் கூட்டி 50.15 என்று போட்டால் 1,50,150. வட்டிக்கு வட்டி காணாமல் போயிருக்கும். ஆறின் சராசரியை எடுத்து ஆறு வருடமும் கூட்டுவட்டி போட்டால் இங்கே இரண்டு ரூபாய்தான் கூடும், அதற்குச் சண்டை வேண்டாம். வட்டி ஏறி இறங்கும் அளவு பெரிதானால் அந்த வித்தியாசமும் பெரிதாகும்.

வட்டியை 8.65% என்று குறியோடு அடியுங்கள். வெறும் 8.65 என்றால் எக்செல் அதை 865 சதவீதமாக எடுத்துக்கொள்ளும். அது பரவாயில்லை, விடையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும். எனக்குப் பயம் காலிக் கட்டம்தான். பி1-ஐ நிரப்ப விட்டுப்போனால் அந்த வருடத்துக்கு வட்டியே இல்லை என்று எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் 1,48,984 என்று காட்டும். நம்பும்படியான எண் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இந்தச் சூத்திரம் அப்படியே கிடக்கும் ஒற்றைத் தொகைக்கு மட்டும். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் போகிறவர்களுக்கு வரிசை வரிசையாக ஆரம்ப இருப்பு, பிடித்தம், வட்டி என்று போட்டுத்தான் ஆகவேண்டும். அஞ்சலக பி.பி.எஃப்-பில் (நாமாகக் கட்டும் பொது வருங்கால வைப்பு நிதி) இன்னொரு சிக்கல்: 2019-20ல் முதல் காலாண்டுக்கு 8, மற்ற மூன்றுக்கும் 7.9. காலாண்டுக்கு ஒரு கட்டம் போடாதீர்கள், வட்டி மார்ச் முடிவில் ஒரே தடவைதான் அசலோடு சேர்கிறது. புதிதாக எதுவும் கட்டாத இருப்பு என்றால் அந்த வருடத்துக்கு நான்கு காலாண்டின் சராசரியான 7.925% என்று ஒரே கட்டம்.

ஃபேக்டரியை விட்டபிறகு சேர்ந்த பி.எஃப் வட்டிக்கு வருமான வரி உண்டு. ஆகவே அந்த 61,871-ஐ வருடவாரியாகப் பிரித்தும் ஒரு தாளில் வைத்துக்கொண்டு வாருங்கள்.