ஆரஞ்சு மரம் மஞ்சளாகிறதா? முதலில் தூரைப் பாருங்கள்

வீட்டுத் தோட்டத்து ஆரஞ்சு மரத்தைப் பார்க்க என்னைக் கூப்பிடுபவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "இலையெல்லாம் மஞ்சளாகுது, உரம் போட்டும் தண்ணி ஊத்தியும் தேறல." நான் போனதும் குனிந்து தூரைத்தான் பார்ப்பேன், இலை அப்புறம்.

ஒரு வீட்டில் ஐந்து வயது மரம். தூரைச் சுற்றிப் பாத்தி கட்டி, சருகையும் மண்ணையும் தண்டோடு ஒட்டிக் குவித்து, தினமும் காலையில் அது நிரம்பத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். கையால் மண்ணை விலக்கினால் ஒட்டுக் கட்டிய இடமே உள்ளே புதைந்து கிடக்கிறது. அதற்குச் சற்று மேலே பட்டையில் ஒரு வெடிப்பு, தேன் நிறத்தில் பிசின் வடிந்து உறைந்திருக்கிறது. கத்தி முனையால் லேசாகச் சுரண்டினேன், பட்டைக்கு அடியில் பச்சையே இல்லை, ஈரமான பழுப்பு. இது பைட்டோப்தோரா என்ற பூஞ்சை மாதிரியான நுண்ணுயிரியால் வரும் தூர் அழுகல். இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும், பட்டை அழுகினால் வேர் பட்டினி கிடக்கும், இலை வெளுக்கும், அதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம்.

ஒட்டு மண்மட்டத்துக்கு மேல் 15 செ.மீ. ஆவது தெரிய வேண்டும். தண்ணீரைத் தண்டில் படாமல், கிளைகளின் நுனி நிழல் விழும் வட்டத்தை ஒட்டி விடுங்கள், உறிஞ்சும் வேர் அங்கேதான் அதிகம். விடும் முன் பத்து செ.மீ. தோண்டிப் பாருங்கள், ஈரம் இருந்தால் இன்று வேண்டாம். மண்ணை மூடப் போடும் சருகும் (மூடாக்கு) தண்டிலிருந்து ஓர் அடி தள்ளியே. அழுகிய பட்டையைச் செதுக்கிவிட்டு போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவினால், சுற்றளவில் பாதிக்கு மேல் நல்ல பட்டை மிஞ்சியிருந்தால், மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

தூர் சுத்தமாக இருக்கிறதா? சரி, இப்போது இலை. கொழுந்து மட்டும் வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை, சுண்ணாம்பு மண்ணில் சகஜம். இலை சிறுத்து, நரம்புகளுக்கு இடையே மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் துத்தநாகக் குறை. இவை நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி, நரம்பைத் தாண்டித் திட்டுத் திட்டாக மஞ்சள் படர்ந்து, அதுவும் ஒரே ஒரு கிளையில் ஆரம்பித்திருந்தால் எனக்குப் பயம் வந்துவிடும், அது கிரீனிங் நோயாக இருக்கலாம். சில்லிட் என்ற சின்னப் பூச்சி பரப்புவது, மருந்து கிடையாது. 2005-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டு, அங்கே ஆரஞ்சு விளைச்சலையே சரித்துவிட்டது. நோயுள்ள மரத்திலிருந்து எடுத்த ஒட்டிலும் வரும் என்பதால், நோய்ப் பரிசோதனை செய்த தாய்மரத்துக் கன்றா என்று கேட்டே வாங்குங்கள், சந்தேகம் வந்தால் வேளாண் துறையிடம் இலையைக் காட்டுங்கள்.

"பழமும் பச்சையாவே இருக்கே, இதுவும் அந்த நோயா?" என்று பயப்படுகிறார்கள். பழம் ஒழுங்கான உருண்டையாக இருந்தால் கவலை வேண்டாம். தோல் ஆரஞ்சு நிறமாக இரவுக் குளிர் வேண்டும், வெப்பப் பகுதியில் பழுத்த பிறகும் பச்சையாகவே நிற்கும். நிறத்துக்காகக் காத்திருக்காமல் ஒன்றைப் பறித்து அறுத்துத் தின்று பாருங்கள், புளித்தால் மற்றவற்றை மரத்திலேயே விடுங்கள், பறித்து வைத்தால் ஆரஞ்சு இனிக்காது.