பிரமிடுக்குள் போன கேமராவும் வாட்ஸ்அப்பில் வந்த நகரமும்

2025 மார்ச்சில் ஒரு வீடியோ எல்லாக் குழுக்களிலும் சுற்றியது. கீசாவில் காஃப்ரே பிரமிடுக்கு அடியில், 600 மீட்டருக்கும் மேல் ஆழத்தில், ராட்சதத் தூண்களோடு ஒரு நகரமே இருக்கிறதாம், செயற்கைக்கோள் ரேடார் பார்த்துவிட்டதாம். குழாய்களுக்குள் கேமரா விட்டு ஆய்வு செய்வது என் தொழில் என்பதால், தெரிந்தவர்கள் அதை எனக்கே அனுப்பி உண்மையா என்று கேட்டார்கள்.

ரேடார் அலை காய்ந்த மணலில் சில மீட்டர் இறங்கலாம். சுண்ணாம்புப் பாறையில் அரை கிலோமீட்டர் இறங்காது. தரையின் நுண்ணதிர்வுகளை வைத்துக் கணக்கிட்டோம் என்கிறது, நகரம் இருப்பதாகச் சொன்ன இத்தாலிய ஆய்வுக் குழு. அந்தக் கணக்கைச் சரிபார்க்க அங்கே ஒரு துளைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. எகிப்தின் முன்னாள் தொல்பொருள் அமைச்சர் ஜாஹி ஹவாஸ் மறுத்தார். அந்த மறுப்பை யாரும் எனக்கு அனுப்பவில்லை.

உண்மையான வேலை எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே குஃபுவின் பெரிய பிரமிடு இருக்கிறது. அதன் 'ராணி அறை'யின் சுவரிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் சதுரத்தில் இரண்டு புழைகள் கிளம்புகின்றன. 1872இல் பிரிட்டிஷ் பொறியாளர் வேமன் டிக்சன் அவற்றைக் கண்டுபிடித்தார். ஆள் நுழைய முடியாது. 1993இல் ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் கான்டென்பிரிங்க், உபுவாவுட்-2 என்ற ரோபோவைத் தெற்குப் புழையில் ஏற்றினார். கிட்டத்தட்ட 40 டிகிரி ஏற்றம். தரையையும் கூரையையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அது 60 மீட்டருக்கு மேல் ஏறியது. முடிவில் ஒரு கல் பலகை, அதில் இரண்டு செப்பு முளைகள்.

எங்கள் வேலையில் பெரிய தலைவலி, பின்னால் இழுபடும் கேபிள். ஒவ்வொரு மீட்டருக்கும் உராய்வு கூடும், வளைவு வந்தால் தீர்ந்தது. தெருக் குழாயில் ரோபோ மாட்டினால் தோண்டி எடுத்துவிடலாம். பிரமிடில் எதைத் தோண்டுவது? வளைந்து போகும் வடக்குப் புழையில் பழைய ஆய்வாளர்கள் விட்டுப்போன உலோகக் கழி வேறு கிடந்தது.

2002இல் இன்னொரு ரோபோ தெற்குப் பலகையில் துளையிட்டதை உலகமே நேரலையில் பார்த்தது. உள்ளே ஒரு சின்ன இடைவெளி, அதற்கு அப்பால் இன்னொரு கல். பலர் ஏமாந்து டிவியை அணைத்திருப்பார்கள். அதே துளை வழியாக, லீட்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் உருவாக்கிய ஜெடி ரோபோ பாம்புபோல் வளையும் கேமராவை நுழைத்தது. செப்பு முளைகள் மறுபக்கம் சிறு வளையங்களாக முடிவதையும், தரையில் சிவப்பு மையில் எழுதிய குறிகளையும் அது படமெடுத்தது. புதையல் இல்லை. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வேலையாளின் கைக்குறி என்றால் எனக்கு அது போதும்.

அப்புறம், படத்தை அப்படியே நம்பவும் கூடாது. அகலக்கோண லென்சுக்கு எதிரே கிடக்கும் மணல் பருக்கை திரையில் பாறாங்கல்லாக நிற்கும். விளக்கு லென்சை ஒட்டியே இருப்பதால் நிழல் விழாது. எதிரே இருப்பது பள்ளமா கறையா என்று பிரிக்க முடியாது. அதனால்தான் நாங்கள் இரண்டு லேசர் புள்ளிகளை விழவைத்து, அவற்றின் இடைவெளியைக் கொண்டு அளவு சொல்வோம். அளவே குறிக்காத 'ரகசிய அறை' படம் வந்தால் நான் மேலே படிப்பதில்லை.

முறையாக நடந்ததற்கு உதாரணம் ஸ்கேன் பிரமிட்ஸ் திட்டம். விண்ணிலிருந்து பொழியும் மியூவான் துகள்கள் கல்லில் ஓரளவு தடைபடும், வெற்றிடத்தில் தடைபடாது. இந்த வித்தியாசத்தை எண்ணித்தான் பெரிய பிரமிடின் வடக்கு முகப்பில், பழைய வாசலுக்கு மேலே ஒரு வெற்றிடம் இருப்பதை ஊகித்தார்கள். தரை ஊடுருவும் ரேடாரும் அல்ட்ராசவுண்டும் அதை உறுதிசெய்தன. அதன் பிறகுதான் கற்களின் இடுக்கில் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப் என்ற குழாய்க் கேமரா நுழைந்தது. 2023இல் சுமார் 9 மீட்டர் நீள நடைக்கூடம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை.

அதே திட்டம் 2017இல் சொன்ன பெரிய வெற்றிடம், குறைந்தது 30 மீட்டர் நீளமானது, பிரமிடின் நடுவயிற்றில் இருக்கிறது. அங்கே எட்டும் இடுக்கு எதுவும் இல்லை. 3.5 சென்டிமீட்டர் துளை வழியாக மடித்து அனுப்பி, உள்ளே போனதும் பலூனாக உப்பிப் பறக்கும் ரோபோவைப் பிரெஞ்சுக் குழு வடிவமைத்தது. ரோபோ பற்றி எனக்குக் கவலையில்லை. அந்தத் துளையை எந்தக் கல்லில், யார் கையெழுத்துப் போட்டு அனுமதிப்பார்கள் என்பதுதான் கேள்வி.