கல்விக்குப் போகும் ரூபா எங்கே தேங்குகிறது?

இலங்கையில் இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில், சுதந்திரத்துக்கு முன்னரே நடைமுறைக்கு வந்தது. 1980இல் பாடநூல்களும் 1993இல் சீருடையும் இலவசமாயின. எழுத்தறிவு 90 சதவீதத்தைத் தாண்டியது. அப்படியிருந்தும் 1960இல் தலா வருமானத்தில் நமக்கு ஏறத்தாழச் சமமாக நின்ற தென் கொரியா எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

போதிய பணம் ஒதுக்காதது ஒரு காரணம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 2015இல் உலக நாடுகள் உடன்பட்டன. நாம் நெடுங்காலமாக 2 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறோம். 2022இல் வரி வருமானமே 8 சதவீதத்துக்குக் கீழே போனபோது திறைசேரி எதை எடுத்துக் கொடுக்கும்?

ஆனால் கொடுக்கும் பணம் ஓடும் பாதையில்தான் பெரிய கோளாறு. உயர்தர (12, 13ஆம் தர) விஞ்ஞானப் பிரிவு நடத்த பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், அமிலம், குடுவை, பியூரெட் என்று ஆண்டுதோறும் வாங்க வேண்டும். கலைப் பிரிவுக்கு வகுப்பறையும் ஆசிரியரும் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம். அதனால் பத்தாயிரத்துச் சொச்சம் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி வகை ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். மலையகத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் பலர் கலை படிப்பது விருப்பத்தால் அல்ல, பக்கத்தில் வேறு பிரிவு இல்லாததால். இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

கலைப் பட்டதாரிகள் எல்லோரையும் ஏற்கும் அளவுக்குத் தனியார் துறை வளரவில்லை. வேலை கேட்டு அவர்கள் கொழும்பு வீதிகளில் இறங்குவார்கள், அரசு உள்வாங்கும். 2020இல் 50,000 பட்டதாரிகளுக்கான திட்டம் அப்படி வந்ததுதான். அவர்களின் சம்பளம் மீண்டெழும் செலவு, அதாவது ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு, நடுவில் நிறுத்த முடியாது. ஆய்வுகூடக் கட்டடம் மூலதனச் செலவு, அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். தள்ளப்படுகிறது. விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலை அப்படியே இருக்க, அடுத்த அணியும் கலைக்கே போகிறது. கையிலுள்ள விஞ்ஞானப் பட்டதாரிகளிலும் பலர் வெளிநாடு போய், வரியை அங்கே கட்டுகிறார்கள்.

கொரியா முதலில் ஆரம்பக் கல்வியை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1973இல் கனரக, இரசாயனத் தொழிற்சாலைகளைத் தொடங்கியபோது தொழில்நுட்ப உயர்பள்ளிகளையும் கூடவே பெருக்கியது. படித்து வெளியே வந்தவருக்கு இயந்திரம் காத்திருந்தது.

வரவு செலவுத் திட்டம் வந்ததும் கல்விக்கான மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். மூலதன ஒதுக்கீட்டைத் தனியே எடுத்து, அதில் உண்மையில் எவ்வளவு செலவானது என்று ஆண்டு முடிந்தபின் ஒப்பிடுங்கள்.