ஜிக்லே பிரிண்ட்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்லலாம்?

பாப் டிலான் பாட்டு தெரிஞ்ச அளவுக்கு அவரு படம் வரையுறது நிறைய பேருக்கு தெரியாது. 1989லேர்ந்து 1992 வரைக்கும் டூர் போற வழியில வரைஞ்சு வெச்சதை 1994ல புக்கா போட்டாரு, 2007ல ஜெர்மனியில கெம்னிட்ஸ் மியூசியத்துல அதுங்களுக்கே கலர் ஏத்தி கண்காட்சி வெச்சாங்க, அப்புறம் இங்கிலாந்து கேலரிங்க லிமிடெட் எடிஷன் பிரிண்டா, அதாவது இத்தனை காப்பிதான்னு கணக்கு வெச்சு, விக்க ஆரம்பிச்சு, இன்னிக்கு அதை சேர்க்குறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. அந்த பிரிண்ட்ல முக்காவாசிக்கு விவரத்துல ஒரு வார்த்தை இருக்கும், ஜிக்லே. இன்க்ஜெட் மெஷின்ல மையை தெளிச்சு போடுற பிரிண்ட்தான் அது. கேட்டா ஏதோ ராஜா காலத்து ஃபிரெஞ்சு கலை மாதிரி தோணும்.

அவ்வளவு பழசெல்லாம் கிடையாது. 1991ல அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல பொறந்த வார்த்தை. அதுவும் இன்னொரு பாட்டுக்காரரோட பிரிண்ட் பட்டறையில! கிரஹாம் நாஷ், கிராஸ்பி ஸ்டில்ஸ் நாஷ் குழுவுல பாடினவரு, ஃபோட்டோ பைத்தியம். தன்னோட படங்களை பெரிய சைஸ்ல நல்ல பேப்பர்ல போடணும்னு ஐரிஸ் 3047ன்னு ஒரு மெஷினை 1,26,000 டாலர் குடுத்து வாங்கினாரு. அது அச்சாபீஸ்ல கலர் சரியா வருதான்னு ப்ரூஃப் பாக்குறதுக்காக செஞ்ச இன்க்ஜெட் மெஷின், தடி பேப்பரெல்லாம் அதுக்குள்ள போகாது, அதனால மெஷினையே மாத்தி அமைச்சாங்க. நாஷ் எடிஷன்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க, அந்த மெஷின் இப்ப ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. அங்க வேலை பார்த்த ஜாக் டுகான்தான், 'இன்க்ஜெட்', 'கம்ப்யூட்டர் பிரிண்ட்'னு சொன்னா கேலரிக்காரங்க மூஞ்சியை சுளிப்பாங்கன்னு ஃபிரெஞ்சு டிக்‌ஷனரி பக்கம் போயி இந்த பேரை புடிச்சுட்டு வந்தாரு.

ஃபிரெஞ்சுல கிக்லேர் மாதிரி எழுத்துல தெரிஞ்சாலும் உச்சரிப்பு ஜிக்லே, அர்த்தம் பீச்சியடிக்கிறது. மை பீச்சுற நாசில்லேர்ந்து எடுத்தது. அந்த ஊரு பேச்சு வழக்குல அதுக்கு ஒரு கெட்ட அர்த்தமும் உண்டு, ஃபிரெஞ்சுக்காரங்க சிரிப்பாங்க. வேடிக்கை என்னன்னா தமிழ்ல அச்சு அசலா அதே அர்த்தத்துல ஒரு வார்த்தை இருக்கு, பீச்சு. பால் பீச்சுறோம், பீச்சாங்குழல் இருக்கு, வயித்தால போறப்பவும் அதே வார்த்தைதான், ஆக சங்கடமும் சேர்ந்தே வருது. 'பீச்சச்சு'ன்னா சரியான மொழிபெயர்ப்பு, ஆனா சுவத்துல மாட்டின படத்தை காட்டி விருந்தாளிகிட்ட சொல்ல முடியாது. என் ஓட்டு 'மைத்தெளிப்பு அச்சு'க்கு. கல்லு மேல வரைஞ்சு அச்செடுக்குற லித்தோகிராஃபை கல்லச்சுன்னு நம்ம ஆளுங்க சொன்ன மாதிரி, எப்படி போட்டதுன்னு பேருலயே தெரிஞ்சுடும்.

அந்த கல்லச்சை பத்தி சொன்னா, ஜான் லெனான் 1970ல விட்டது அந்த வகை, 14 லித்தோகிராஃப், 300 செட். லண்டன்ல போலீஸ் வந்து ஆபாசம்னு சொல்லி எட்டு படத்தை அள்ளிட்டு போச்சு. செப்புத் தகடு போடப் போட தேயும், கல்லுல இருக்குற படமும் கெட்டுப் போகும், முதல் காப்பிக்கும் கடைசி காப்பிக்கும் வித்தியாசம் வரும், அதனால பழைய அச்சுல எடிஷனுக்கு ஒரு நியாயமான எல்லை உண்டு. கம்ப்யூட்டர் ஃபைல் தேயாது. டிலான் பிரிண்ட் நிறைய 295 காப்பின்னு போடுவாங்க, ஓரத்துல 120/295ன்னு பென்சில்ல எழுதியிருக்கும், 296வது காப்பியை தடுக்குறது விக்கிறவங்க குடுத்த வாக்கு மட்டும்தான்.

எடிஷன்கிறது லத்தீன்ல வெளியே குடுக்குறது. நமக்கு 'பதிப்பு', பதியுறதுலேர்ந்து வந்தது, பிரிண்டுக்கு லத்தீனை விட பொருத்தம். 'வரையறுக்கப்பட்ட பதிப்பு'ன்னு எழுதுறாங்க, கவர்மெண்ட் சுற்றறிக்கை மாதிரி இருக்கு. 'எண்ணிட்ட பதிப்பு' போதும், காசு குடுக்குறதே அந்த எண்ணுக்கும் கையெழுத்துக்கும்தானே. ஓரத்துல எண்ணுக்கு பதிலா ஏ.பி.ன்னு (ஆர்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) போட்டிருந்தா ஓவியர் தனக்குன்னு வெச்சுக்கிட்ட காப்பி, 'ஓவியர் படி'ன்னு சொல்லலாம், 295 கணக்குல அது சேராது.

கையெழுத்துன்னதும் ஞாபகம் வருது, 2022 நவம்பர்ல டிலானே ஒத்துக்கிட்டாரு, 2019ல தலைசுத்தல் வந்து, அப்புறம் கொரோனாவும் சேர்ந்துக்க, சில பிரிண்டுலயும் ஒரு புக்குலயும் மெஷினை வெச்சு கையெழுத்து போட்டோம்னு. புக்கு போட்ட கம்பெனி பணத்தை திருப்பிக் குடுத்துச்சு. ஆட்டோபென்னு சொல்ற அந்த மெஷினுக்கு இன்னும் நல்ல தமிழ் பேரு மாட்டல, 'கையொப்பப் பொறி'ன்னு வேணா வெச்சுக்கலாம், 'பொறி'க்கு எலிப்பொறி அர்த்தமும் இருக்குறது இங்க ஒண்ணும் தப்பில்ல.