பிரஷர் பார்த்த கணக்கும் பிரஷர் குறைந்த கணக்கும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்குமான திட்டங்களை மதிப்பீடு செய்யும் சமூக மருத்துவத் துறை மருத்துவர் நான். ஆய்வுக் கூட்டங்களில் என் முன் முதலில் வைக்கப்படுவது, இத்தனை பேருக்குப் பிரஷர் பார்த்தோம், இத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்ற கணக்குதான். அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நான் அறிவேன். ஆனாலும் அழுத்தம் 140/90-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால்தான் பக்கவாதமும் மாரடைப்பும் குறையும் என்பதால், அந்தக் கணக்கோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை.

2020-இல் தமிழகம் முழுவதும் 18 முதல் 69 வயதுக்குட்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதன் பலனை அளப்பதற்கு, முதலில் யாரை யாரால் வகுக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

ஓர் ஊரில் பிரஷர் உள்ளவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 50 பேர் கண்டறியப்பட்டு, 40 பேர் பதிவாகி, இந்தக் காலாண்டில் 20 பேர் வந்து, அந்த 20 பேரில் 15 பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. வந்தவர்களை மட்டும் எண்ணினால் 75 சதவீத வெற்றி. பதிவானவர்களை வைத்துக் கணக்கிட்டால் 38-ஐ எட்டவில்லை. ஊரை வைத்துப் பார்த்தால் 15 தான். மூன்றும் சரியான கணக்குகளே என்றாலும், மேடையில் சொல்லப்படுவது பெரும்பாலும் முதல் எண்ணாக இருப்பதுதான் என் கவலை. மூன்று மாதமாக வராதவரைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், கட்டுக்குள் வராதவரோடு சேர்த்தே எண்ண வேண்டும். ஏனெனில், வராதவர் பெரும்பாலும் மாத்திரையையும் நிறுத்தியவராக இருக்கிறார்.

பதிவேட்டையே உற்றுப் பார்ப்பதும் மதிப்பீட்டின் பகுதிதான். ஒரு துணை சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுவதும் 120/80, 130/80, 140/90 என்றே எழுதியிருந்ததைக் கண்டேன். மேசைமேல் இருந்ததோ 137, 83 என்று ஒற்றை எண்களையும் காட்டும் டிஜிட்டல் கருவி. கடைசி இலக்கம் எப்போதும் பூஜ்யமாகவே இருந்தால், அளவு கருவியிலிருந்து வரவில்லை, அல்லது எழுதும்போது பக்கத்துப் பத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். செவிலியரைக் குறை சொல்லிப் பயனில்லை. உட்கார வைத்து ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்து, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசவிடாமல் இரண்டு முறை அளப்பதற்கு, வாசலில் நிற்கும் வரிசை இடம் கொடுப்பதில்லை. அந்த நேரத்தைத் திட்டம்தான் ஒதுக்கித் தர வேண்டும்.

இன்னொரு பொறி உண்டு. முகாமில் மேல் அளவு 160 காட்டியவருக்கு இரண்டு வாரம் கழித்து 148 என்று வந்தால், மருந்தே கொடுக்காதிருந்தாலும் அதில் ஒரு பகுதி தானாகவே குறைந்திருக்கும். அன்று உயர்ந்திருந்தவர்களையே பொறுக்கி எடுத்ததன் விளைவு அது. பருவமும் சேர்ந்துகொள்கிறது. குளிர்காலத்தில் அழுத்தம் சற்றே ஏறும், வெயில் காலத்தில் இறங்கும். மார்கழியில் தொடக்க அளவு எடுத்துவிட்டுச் சித்திரையில் முடிவு அளவு எடுத்தால், வெயிலின் வேலையும் திட்டத்தின் சாதனையாகப் பதிவாகும். ஆகவே திட்டம் இன்னும் போய்ச் சேராத ஓர் ஒன்றியத்திலும் அதே மாதங்களில் அளந்து ஒப்பிட வேண்டும் என்று நான் விடாமல் வலியுறுத்துகிறேன்.

டெல்டாவில் பயிர்க் காலத்தையும் கணக்கில் சேர்க்காமல் முடியாது. மன்னார்குடிப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மாவிடம், “மாத்திரை தீர்ந்து ரெண்டு மாசம் ஆச்சே, ஏம்மா வாங்கல?” என்று கேட்டேன். “நடவு ஓடுதுங்க சார். விடிஞ்சதும் வயலுக்குப் போயிடுறேன், அவங்க வர்றப்ப வீட்டுல யாரும் இல்ல. தலை சுத்தலும் நின்னுபோச்சு, அதான் விட்டுட்டேன்” என்றார். மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலரின் பதிவில் அவர் ‘வீடு பூட்டியிருந்தது’. குறுவை, சம்பா நடவு மாதங்களில் இப்படி விடுபட்டவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தால், நோயாளியின் அலட்சியம் என்று எழுதப்படுவதில் எவ்வளவு நம்முடைய வருகை நேரத்தின் பிழை என்பது புலப்படும். பகலில் வீட்டில் இருக்காத, பிரஷர் என்ற பேச்சையே எடுக்காத நடுவயது ஆண்கள் பெரும்பாலான பட்டியல்களில் சேர்வதே இல்லை; அவர்களை மாலையில் டீக்கடைப் பக்கம்தான் தேட வேண்டும்.

மாரடைப்புச் சிகிச்சையை அளப்பது இதைவிடக் கடினம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே, இரத்தம் கட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் வேளைக்குரிய கூடுதல் அளவில் கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-இல் வந்தது நல்ல முன்னேற்றம். வந்த பத்து நிமிடத்தில் இ.சி.ஜி., முப்பது நிமிடத்தில் இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி என்பவை மருத்துவமனைக்கு உரிய அளவுகோல்கள். ஆனால் அந்தக் கடிகாரம் வாசலில்தான் ஓடத் தொடங்குகிறது. வேதாரண்யம் பக்கத்துக் கடலோர ஊரில் ஒருவர் வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்து, விடியட்டும் என்று காத்திருந்த மணி நேரங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நெஞ்சுவலி எப்போது தொடங்கியது என்ற ஒரு கட்டத்தை வருகைச் சீட்டில் சேர்க்கும்படி, போகும் இடமெல்லாம் கேட்டு வருகிறேன். தாமதம் வீட்டிலா, வண்டி கிடைப்பதிலா, மருத்துவமனைக்குள்ளா என்று தெரிந்தால்தான் பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்ய முடியும்.

இந்தக் கேள்விகளை அதிகாரிகள் மட்டும்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர்ச் செவிலியரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: பதிவானவர்கள் எத்தனை பேர், அவர்களில் கடைசி வருகையில் 140/90-க்குக் கீழ் இருந்தவர்கள் எத்தனை பேர், மூன்று மாதமாக வராதவர்கள் எத்தனை பேர். மாத்திரை இருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.