ஆத்தென்டிக்: இரண்டு அசலும் ஒரு பக்குவமும்

போன மாதம் எங்கள் அச்சகத்துக்கு ஒரு மெனு கார்டு வேலை வந்தது. கொண்டுவந்தவர் மேலூர்க்காரத் தம்பி, பைபாஸ் ரோட்டில் புதுக்கடை போடுகிறார். செட்டிநாடு, கேரளா, சைனீஸ் மூன்றும் ஒரே கடையில். கோடு போட்ட நோட்டுத் தாளில் பண்டங்களின் பெயரும் விலையும் எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே ‘ஆத்தென்டிக்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். “இத மட்டும் தமிழ்ல போட்ருங்கண்ணே. ஆனா அர்த்தம் மாறிறக் கூடாது” என்றார். மற்றதையெல்லாம் அன்றைக்கே கோத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு நாள் இடம் விட்டு வைத்திருந்தேன்.

அகராதியைப் புரட்டினால் உண்மையான, நம்பத்தகுந்த, அதிகாரபூர்வமான என்று வருகிறது. எதுவும் சாப்பாட்டோடு ஒட்டவில்லை. ‘நம்பத்தகுந்த மீன்குழம்பு’ என்று போட்டால் மீன் கெட்டுப்போகவில்லை என்று சத்தியம் செய்வதுபோல் இருக்கிறது. ‘உண்மையான பிரியாணி’ என்றால் பக்கத்துக் கடைக்காரர் விற்பது பொய் என்றாகிவிடும். அதிகாரபூர்வம் என்பது அரசாணைக்குச் சரி, இலைக்குச் சரிவராது.

சரி, சொல்லின் வேரைப் பார்ப்போம். ஆத்தென்டிக் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே ‘அவுதென்தேஸ்’ என்று ஒரு சொல் உண்டு. முன்பாதிக்குத் ‘தான்’ என்று பொருள், பின்பாதிக்குச் ‘செய்பவன்’ என்று பொருள். ஒரு காரியத்தைத் தன் கையால், தன் பொறுப்பில் செய்தவன் அவன். பழைய கிரேக்கத்தில் கொலை செய்தவனையும் இதே சொல்லால் குறித்திருக்கிறார்கள். துருக்கியில் மரியாதைக்கு அழைக்கும் ‘எஃபெண்டி’யும் இதன் வழி வந்ததுதான். லத்தீனுக்குப் போனதும் அது பத்திரத்தோடு சேர்ந்துகொண்டது: படி எடுத்தது போக, கையெழுத்தும் முத்திரையுமாக இருக்கும் மூல ஆவணம். அப்புறம் பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக இந்தச் சொல் முதலில் கேட்டது ‘யார் செய்தது, யார் பொறுப்பு’ என்பதைத்தான். ஊரைப் பற்றிய பேச்சே அதில் கிடையாது.

மதுரையில் இதற்குச் சமமாக எல்லோர் வாயிலும் இருப்பது ‘அசல்’. விளக்குத்தூண் பக்கம் ஒரு நடை நடந்தால் ‘அசல் ஜிகர்தண்டா’, ‘ஒரிஜினல் ஜிகர்தண்டா’ என்று பலகைகள் கண்ணில் படும். அசல் என்பது அரபியில் வேர், அடி என்று பொருள்படும் ‘அஸ்ல்’. பாரசீக, உருதுக் கணக்கர்களோடு தமிழுக்கு வந்தது. அசல் பத்திரம், அசலும் வட்டியும் என்று இதுவும் பத்திர ஆபீசிலும் வட்டிக்கடையிலும் புழங்கிய சொல்லே. அதன் ஜோடியான ‘நகல்’ கூட அரபிதான். ஆத்தென்டிக்கும் அசலும் இரண்டு வெவ்வேறு தேசங்களிலிருந்து கிளம்பி, இரண்டுமே ஆவணத்தைத் தொட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கடைப் பலகையில் வந்து சேர்ந்திருக்கின்றன. ‘அசல் மதுரை ஜிகர்தண்டா’ என்ற பெயரையே பாருங்கள். அசல் அரபி, ஜிகர் பாரசீகம், தண்டா இந்தி. கடல்பாசி போட்டால்தான் அது அசல் என்பார் ஒருவர், பாதாம் பிசின்தான் என்பார் இன்னொருவர். அதைத் தங்கள் ஊர்ச் சொத்து என்று இருவருமே சொல்வார்கள், அது நியாயமும்கூட.

தமிழில் இன்னொரு அசலும் உண்டு. அது அரபி இல்லை, நம்முடையது. உயரம் பேச்சில் உசரம் ஆகிறது, உயிர் உசிர் ஆகிறது, அதேபோல அயல் அசல் ஆகிறது. அண்டை அசல், அசலூர், அசலூர்க்காரர் என்று மதுரைப் பக்கத்துக் கிழவிகள் இன்றைக்கும் சொல்கிற அசல் இது. இதற்குப் பொருள் பக்கத்தது, வெளியூரது, நம்முடையது அல்லாதது.

இந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆங்கிலத்தில் வெளிநாட்டுச் சாப்பாட்டுக் கடையை ‘எத்னிக்’ ரெஸ்டாரன்ட் என்பார்கள். அந்தச் சொல்லும் கிரேக்கம்தான். இனம் என்ற பொருளில் பிறந்து, நம்மைச் சேராத பிற சனங்கள் என்ற பொருளுக்குப் போனது. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் கிறிஸ்தவர் அல்லாதவர்களைக் குறித்திருக்கிறது. அப்படியானால் எத்னிக்குக்கு நம் சொல் அசல், அசலூர். ஆத்தென்டிக்குக்கும் அசல். ‘ஆத்தென்டிக் எத்னிக் சாப்பாடு’ என்பதைத் தமிழில் சொன்னால் ‘அசல் அசல் சாப்பாடு’! வேரோடு இருக்க வேண்டும், அசலூராகவும் இருக்க வேண்டும். வெளியூர்ச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறபோது நாம் கேட்பது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

போன வருடம் எங்கள் உசிலம்பட்டிச் சித்தப்பாவை இங்கே ஒரு கேரளாக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஆசையாக மீன்குழம்பு கேட்டார். மண்சட்டியில் செக்கச்செவேலென்று வந்தது, மேலே தேங்காயெண்ணெய் மினுமினுக்க. சோறு மட்டை அரிசி, குண்டு குண்டாக, பருக்கைக்குப் பருக்கை சிவப்புக் கீற்றோடு. சித்தப்பா இரண்டாவது கவளத்தில் கையை நிறுத்திவிட்டார். குழம்புக்குள்ளிருந்து கறுப்பாகச் சுருங்கிய ஒன்றை எடுத்து இலை ஓரத்தில் வைத்து, “என்னப்பா இது, செருப்புத் தோலு மாதிரி?” என்றார். அது குடம்புளி. காயவைத்துப் புகைபோட்டு எடுப்பது. கோட்டயம் பக்கத்து மீன்குழம்புக்கு அதுதான் உயிர். நம் புளி நாக்கில் சுள்ளென்று ஏறும். குடம்புளி அடியில் நின்று, புகைவாசத்தோடு மெல்ல மேலே வரும். “நம்ம அரிசி இருக்கா தம்பி?” என்று சித்தப்பா கேட்க, பரிமாறிய பையனும் முகம் கோணாமல் பொன்னிச் சோறு கொண்டுவந்து போட்டான். வீட்டுக்குப் போனதும் சித்தியிடம் அவர் சொன்னது: “அது கேரளாச் சாப்பாடே இல்ல.”

அந்தக் கடையில் சமைப்பவர் கோட்டயத்துக்காரர். அவர் வீட்டில் எப்படி வைப்பார்களோ அப்படித்தான் வைத்திருந்தார். சித்தப்பா மனதில் இருந்த கேரளாச் சாப்பாடோ, அவர் இத்தனை வருடமாக மதுரைக் கடைகளில் சாப்பிட்டது. நம் புளி, நம் அரிசி, கூட ஓர் அப்பளமும் தேங்காய் அரைத்த கூட்டும். அவர்மீது எனக்குக் குறையில்லை. பசியோடு போகிற மனுசன் தன் நாக்கையும் கூடவேதான் கொண்டுபோகிறான். ஆனால் ‘இது அசல் இல்லை’ என்று அவர் சொன்னது, அசலாக இருந்ததைப் பார்த்து.

இதன் மறுபாதிதான் என்னை இன்னும் வருத்துகிறது. நகரத்தில் ஒரு சைனீஸ் கடையில் சமைக்கிற பையன் டார்ஜிலிங்கிலிருந்து வந்தவன். நேபாளி பேசுகிற குடும்பம். மதுரைத் தமிழ் சரளமாக வருகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பத்தார் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “சைனாக்காரரே சமைக்கிறாரு, இதுதான் அசல்” என்று சந்தோஷமாக உட்கார்ந்தார்கள். பையன் “இல்லண்ணே, நான் டார்ஜிலிங், இந்தியாதான்” என்றான். அவர்கள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவர்கள் கேட்டது கோபி மஞ்சூரியன். மஞ்சூரியனைச் சீனாவில் தேடினால் கிடைக்காது. மும்பையில் 1975-இல் நெல்சன் வாங் என்ற சமையற்காரர் கோழியை வைத்து உண்டாக்கியது என்று சொல்வார்கள். காலிஃபிளவர் அதற்கும் பின்னால். மூன்று மணிக்குக் கடை ஓய்ந்த பிறகு அந்தப் பையன் தனக்கென்று பொங்கிச் சாப்பிடுவது சோறும் பருப்பும் கீரையும். அவன் கைப்பக்குவத்தை யாரும் கேட்கவில்லை. முகத்தை மட்டும் பலகையாக மாட்டிக்கொண்டார்கள். முகத்தைப் பார்த்து அசல் தேடுவது தப்பு என்று அழுத்தியே சொல்வேன்.

வெளிநாட்டில் நம் சாப்பாட்டுக்கும் இதுதான் நடக்கிறது. இங்கிலாந்தின் ‘கறி’க் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் வங்கதேசத்துச் சில்ஹெட் பகுதிக்காரர்கள். அங்கே ‘மெட்ராஸ்’ என்பது காரத்தின் அளவு: கோர்மாவுக்கு மேலே, விந்தாலுவுக்குக் கீழே. சென்னையில் அப்படி ஒரு கறி கிடையாது. அந்தக் கறி என்ற சொல்லும் நம்மிடமிருந்து போனது. சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. இன்று மதுரையில் கறி என்றால் ஆட்டுக்கறி. சொல் இங்கேயே இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

‘வேரோடு’ என்று பிடிவாதம் பிடித்தால் செட்டிநாடும் தாங்காது. அந்த வாசத்துக்கு வேண்டிய அன்னாசிப்பூ சீனா, வியட்நாம் பக்கத்து மரத்தில் விளைவது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர்கள் மூலம் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. மிளகைப் போல உறைக்கிற காய் என்றுதான் அதற்கு மிளகாய் என்று பெயர் வைத்தோம். செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் பர்மா, மலாயா என்று கடல் கடந்து தொழில் செய்தவர்கள். அவர்கள் அடுப்படி உலகத்தைப் பார்த்த அடுப்படி.

எல்லை கட்ட வேண்டிய இடங்களும் உண்டு. மதுரைச் சுங்குடிக்கு 2005-லும் மதுரை மல்லிக்கு 2013-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல். பாலையும் சீனியையும் மணிக்கணக்காகக் கிண்டுகிறவர் பிழைப்பை அந்தப் பெயர் காக்கிறது. இந்த மாதிரிப் பண்டத்துக்கு ‘அசல்’ என்ற சொல்லே பொருத்தம். நகல் இருக்கிறது, அதனால் அசலும் இருக்கிறது.

சமைத்துப் பரிமாறுகிற சாப்பாட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட சொல் ‘பக்குவம்’. வடமொழியின் ‘பக்வ’த்திலிருந்து வந்தது: சமைந்தது, பழுத்தது. நம் ‘சமைதல்’ என்ற சொல்லும் இதேபோல, சோறு ஆவதற்கும் வரும், பெண் பருவமடைவதற்கும் வரும். தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் ‘ஊர்முறை’ என்றோ ‘கைமணம்’ என்றோ சொல்லலாம், அவையும் நல்ல சொற்கள். ஆனால் பக்குவம் எல்லா வீட்டிலும் புழங்குகிறது. “அவ கைப்பக்குவம் யாருக்கும் வராது” என்று சொல்லும்போது, செய்த கையையும் அதன் பொறுப்பையும் சேர்த்தே சொல்கிறோம். கிரேக்கன் சொன்னதும் அதுவே. ஊரைச் சேர்க்க வேண்டுமானால் ஊர்ப்பக்குவம், காரைக்குடிப் பக்குவம். அந்தப் பெயரைப் போடுபவர் ஒரு முறையைச் சொல்கிறார், அடுத்தவரைப் பொய் என்று சொல்வதில்லை.

மேலூர்த் தம்பி வந்தபோது ஒன்று கேட்டேன்: “மூணுக்கும் சமைக்கிறது யாரு?” செட்டிநாட்டுக்குக் காரைக்குடியில் கல்யாண வேலை பார்த்த மாஸ்டர், கேரளாவுக்குக் கோட்டயத்து அக்கா ஒருவர். சைனீஸுக்கு? “அது நம்ம பயதாண்ணே, மெட்ராஸ்ல கத்துக்கிட்டு வந்தான்” என்றார். அதன்படியே அடித்துக் கொடுத்தேன். தலைமேல் இருந்த பெரிய சொல்லை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஒரு வரி: ‘காரைக்குடிப் பக்குவம்’. ‘கோட்டயத்துப் பக்குவம், குடம்புளி சேர்த்தது’. ‘சைனீஸ், மதுரைப் பக்குவம்’. அவர் புரூஃபைக் கையில் வைத்து மெதுவாக இரண்டு தடவை வாசித்தார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். குடம்புளி என்ற எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொன்னார்.